ஐம்பத்தாறு என்று எழுதினேன்

இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும் வந்து ஏதாவது பேசுங்கள் என்று உங்கள் மேலாளர் போனில் கேட்டார். பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பேச வந்தால் டீயும் கறி பஃப்பும் கொடுத்து, நடுவில் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். நான் சொன்னது அன்று மாலையே எல்லோருக்கும் மறந்துபோகும். எழுத்தாக இருந்தால் கொஞ்ச நாளாவது மேசை இழுப்பறையில் கிடக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் களைத்துப்போனவள். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் நெஞ்சில் கருவியை வைத்து அழுத்திப் பிடித்த வலது கை இப்போது தோளுக்கு மேல் எழும்பாது. துணி காயப்போடுவதற்கும் இடது கைதான். ஓய்வு பெறுகிறவர்கள் மேடை ஏறி, வேலையை உயிராக நேசித்தேன் என்பார்கள். நானும் நேசித்தேன். ஆனாலும் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எனக்கு வந்தது நிம்மதி மட்டும்தான்.

கருவியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, அழுகிற பிள்ளையை எப்படிப் படுக்கவைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி. அவள் பெயர் யாழினி என்று வைத்துக்கொள்வோம். அவள் அம்மா பெயர் ஜெயா என்று இருக்கட்டும். இரண்டும் நிஜப் பெயர்கள் அல்ல.

யாழினிக்கு ரத்தப் புற்றுநோய். போனது என்று நினைத்த நோய் திரும்பி வந்ததால், கோலாலம்பூரில் அவளுக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்ய முடிவானது. தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. அங்கே அனுப்புவதற்கு முன் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு எட்டு வயது. தலையில் முடி இல்லை, கையெல்லாம் ஊசி குத்திய தழும்பு. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் அதைக் காலால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி ஒரே தாவாகத் தாவி ஏறி உட்கார்ந்தாள்.

படம் எடுக்கும்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதயத்தின் ஒரு வால்வைக் குறுக்காகப் பார்த்தால் மீன் வாயைத் திறந்து மூடுவதைப் போலத் தெரியும். நம் தொழிலில் அதற்குப் பெயரே மீன் வாய்தான். அதை அவளுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் படுத்தவுடன் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஆண்ட்டி, என் மீன் வாய தொறக்குதா?"

"தொறக்குதுமா. பசியா இருக்குதாம்."

சிரிப்பாள். சிரித்தால் படம் ஆடும். "ஆடாத லா," என்று அதட்டுவேன். அதற்கும் சிரிப்பாள். பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் கோலாலம்பூருக்குப் போன பிள்ளை அவள். முடி முளைத்து, கன்னம் உப்பித் திரும்பி வந்தபோது, எங்கள் பிரிவில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. அந்தச் சந்தோஷம்தான் பின்னால் வினையாக வந்தது.

மாற்றுச் சிகிச்சை முடிந்த பிள்ளைகளை நம்மிடம் ஏன் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புற்றுநோயைக் கொல்லக் கொடுக்கும் மருந்து இதயத் தசையையும் தொட்டுவிட்டுத்தான் போகும். மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும் அதோடு சேர்ந்துகொள்ளும். சேதம் உடனே தெரியாது. மாதக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில், மெதுவாக வெளியே வரும். பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை தளர ஆரம்பித்திருக்கும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் நாம் அளக்கிறோம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். எங்கள் பிரிவில் ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பயமில்லை என்று வைத்திருந்தோம். முதல் நாள் யாழினிக்கு அறுபத்தாறு.

எண்ணைக் கண்டுபிடிக்க, இதயத்தின் உள்விளிம்பைச் சுற்றி நம் கையால்தான் கோடு இழுக்கிறோம். தெளிவில்லாத இடத்தில் கோடு நூலளவு உள்ளே போனால் ஓர் எண், வெளியே போனால் வேறோர் எண். கணக்குப் போடுவது இயந்திரம்தான். கோடு போடுகிற கை உங்களுடையது. இதை மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

இனி ஜெயாவைப் பற்றி. கெலாங் பாத்தாவில் அடுக்குமாடி வீடு. தினமும் இருட்டோடு எழுந்து தொழிற்சாலை பஸ்ஸில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாள். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், பாதி வாரம் வீட்டில் இருக்கமாட்டார். அவர் இல்லாத நாட்களில் பிள்ளைகளை அதே மாடியில் இருக்கும் நாத்தனார் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு எக்கோவுக்கும் ஜெயா லீவு எடுத்துக்கொண்டு வந்து, படம் முடியும்வரை நடையில் உட்காராமல் நிற்பாள். முடிவைச் சொல்ல வேண்டியது டாக்டர், நாமில்லை. டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் ஆகும். இரண்டாவது முறை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்பர் மட்டும் சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன். ரெண்டு வாரம் எனக்குத் தூக்கமே வராதுக்கா."

எனக்கு மனசு கேட்கவில்லை. அறுபத்து நாலு என்று சொன்னேன். ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் கவலை இல்லை என்பதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் சொன்னேன். அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு முறையும் அவள் முகம் விரிவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. விதி எதற்காக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. விதி இரக்கமில்லாதது, நான் இரக்கமுள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது முறை வந்தபோது யாழினி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தாவவில்லை. ஸ்டூலைக் காலால் தன் பக்கம் இழுத்து, அதில் ஏறி, ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பார்த்தேன். போன வாரம் காய்ச்சல் என்று ஜெயா சொன்னாளே, அந்த அசதியாக இருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

வழக்கம்போல முதலில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு. பிறகு படம் எடுத்துக் கோடு இழுத்தேன். நாற்பத்தொன்பது வந்தது. பிள்ளை மூச்சு இழுத்துவிட்டாள், படம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி இழுத்தேன். ஐம்பத்திரண்டு. விளிம்பு மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் உள்ளே இருக்கும் என்று மறுபடி இழுத்தேன். ஐம்பத்தாறு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு வேண்டிய எண் வரும்வரை அளந்தேன், வந்ததும் அளப்பதை நிறுத்தினேன். நான் பொய் எழுதவில்லை. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சாமி மேல் சத்தியம் செய்திருப்பேன். போன முறையைவிட இரண்டு எண்தான் குறைவு, அளவில் வருகிற சின்ன வித்தியாசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய ரிப்போர்ட்டுகளிலும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தேன்.

ஜெயா நடையில் நின்றாள். "ஐம்பத்தாறு," என்றேன்.

"அப்போ பால்குடம் எடுக்கலாமாக்கா? போன தைப்பூசத்தப்போ வேண்டிக்கிட்டேன். பிள்ள உசுரோட வந்தா அவ தலையிலயே பால்குடம் வெச்சு நடத்திக் கூட்டிட்டு வர்றேன்னு. இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. நடக்கலாமாக்கா?"

"தாராளமா நடக்கட்டும் லா," என்றேன்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நல்லது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

தைப்பூசத்துக்கு முதல் நாள். மறுநாள் விடுமுறை என்பதால் கிளினிக் பாதி காலி. புதிய எக்கோ இயந்திரம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதைப் பழக்கிவிட, இயந்திரக் கம்பெனியிலிருந்து என் வயதை ஒத்த ஒரு சீனப் பெண்மணி வந்திருந்தார். புதிய கணிப்பு முறை நம் கை அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, பத்துப் பிள்ளைகளின் பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்து, பெயரையும் தேதியையும் மறைத்து, கலைத்துப் போட்டு என் முன் வைத்தார். அளந்துகொண்டே போனேன். யார் படம் என்று தெரியாது, பழைய ரிப்போர்ட்டும் இல்லை. வேலை சுலபமாக ஓடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் எண்களைப் பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பல வருடம் தமிழர்களோடு வேலை செய்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், மற்றதெல்லாம் மலாய்.

"அக்கா, ஒன்பது பேருக்கு உங்கள் கை அன்றும் இன்றும் அப்படியே ஒத்துப்போகிறது. ஒன்றிரண்டு எண்ணுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒத்துவரவில்லை. ஏன்?"

பெயரைத் திறந்து பார்த்தோம். யாழினி.

அவளுடைய ஐந்து படங்களையும் அன்று பெயர் தெரியாமல் நான் அளந்த எண்கள் வரிசையாக நின்றன. அறுபத்தாறு, அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு. பக்கத்தில் நான் முன்பு எழுதியவை. அறுபத்தாறு, அறுபத்து நாலு, அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு.

 ஒன்பது பிள்ளைகளுக்குச் சரியாக அளந்த கை, பிரியமான பிள்ளைக்கு மட்டும் தப்பாக அளந்திருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நோயோடு இருந்தது, நான் பொன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதோடு, அந்தக் குஞ்சு மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு விரத வயிற்றோடு, தலையில் பால்குடத்தோடு, வெறுங்காலில் ஆறேழு கிலோமீட்டர் நடக்கப் போகிறது. நடக்கட்டும் என்று சொன்னதும் நான்தான்.

எங்கள் இதய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கடல் தாண்டி இருக்கும் சரவாக் மாநிலத்துக்காரர், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார். விமானத்தில் இருப்பார் போல, போன் போகவில்லை. அன்றைக்குப் பொறுப்பில் இருந்த இளம் டாக்டரிடம் ஓடி, நாற்பத்தெட்டையும் மறுநாள் பால்குடத்தையும் சொன்னேன். அவர் நல்ல பையன், வேலையில் மூழ்கியிருந்தார். கணினியைத் திறந்து பார்த்தார்.

"ரிப்போர்ட்டில் ஐம்பத்தாறு என்று இருக்கிறதே, டாக்டர் கையெழுத்தும் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?"

"தெரியாது," என்றேன்.

"அப்படியென்றால் டாக்டர் வந்து பார்க்கட்டும். நாளைக்கு நடக்க வேண்டாம் என்று மட்டும் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் சொன்னதில் தப்பில்லை. அவரிடம் இருந்தது கையெழுத்துப் போட்ட ஒரு ரிப்போர்ட்டும், முகம் வெளுத்துப்போன ஒரு எக்கோக்காரியும்தான்.

போன் செய்தேன். ஜெயாவின் தொழிற்சாலையில் கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். மணி அடித்து அடித்து நின்றது. கணவர் எண் எங்களிடம் இல்லை. செய்தி அனுப்பலாம் என்று எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். 'நாளை நடக்க வேண்டாம்' என்று ஒரு வரியில் அனுப்பினால் அவள் பயந்து சாவாள், அல்லது நம்பமாட்டாள். என்னால் நடந்த தப்பை நானே முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதோடு, போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபம் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

நானும் அந்தப் பக்கம்தான் குடியிருந்தேன். தொழிற்சாலை பஸ் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்களை இறக்கிவிடும் என்று தெரியும். வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் பால் கலக்காத தே ஓ டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடுமுறைக்கு முதல் நாள், பாலத்தில் நெரிசல். ஆறரைக்கு வரவேண்டிய பஸ் ஏழே கால் ஆகியும் வரவில்லை. தே ஓ ஆறிப்போனது. என்ன சொல்வது என்று மனத்துக்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் என்னைக் கொஞ்சம் காப்பாற்றுகிற மாதிரியே இருந்தது.

பஸ் வந்தது. நீலச் சீருடை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் ஜெயாவின் முகம் மாறிவிட்டது.

"என்னக்கா இங்க? யாழிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலமா. இப்படி வந்து உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். நானும் எழுந்துகொண்டேன்.

"நான் சொன்ன நம்பர் தப்பு ஜெயா. ஐம்பத்தாறு இல்ல. நாப்பத்தெட்டு."

முதலில் சிரித்தாள். "வெளையாடாதீங்கக்கா. நாளைக்குப் பால்குடம். பூவெல்லாம் சொல்லியாச்சு."

"வெளையாடல. நாளைக்கு அவ நடக்கக்கூடாது."

"புது மெஷின் வரப்போகுதுன்னு சொன்னாங்களே. பழைய மெஷின்ல ஏதும் மக்கரா?"

பார்த்தீர்களா, அவளே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். ஆமாம்மா, பழைய மெஷின் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யார் மனசும் நோகாது. நாளை நடக்க வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொண்டிருப்பாள். உங்களுக்கும் இப்படி ஒரு கதவு என்றாவது திறக்கும். அது திறந்திருப்பது எத்தனை ஆசையாக இருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பா அளந்தேன். ரொம்ப நாளா தப்பா அளந்திருக்கேன். நல்ல நம்பரா வரணும்னு ஆசப்பட்டு அளந்திருக்கேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி சானாய்க்குக் கறி கேட்டார்கள்.

"ரெண்டு தலகாணி கேக்குறாக்கா," என்றாள் கடைசியில். "ஒண்ணுல படுத்தா மூச்சு முட்டுதுங்குறா. மூணாவது மாடி வீடு, லிஃப்ட் இல்ல. ஏறும்போது நடுவுலயே உக்காந்துக்குறா. நாளைக்கு நடக்கணுமேன்னு தெனம் சாயங்காலம் நான் அவள வெறுங்கால்ல தெடலச் சுத்தி நடக்கவுட்டேன். முடியலம்மா முடியலம்மான்னா. நம்பர்தான் நல்லா இருக்குதே, ஏன் இந்த நடிப்பு, சோம்பேறின்னு திட்டினேன்."

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து அடிச்சேன்க்கா."

நான் இந்த வேலையில் பிள்ளைகள் இறந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்களின் அழுகையையும் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தையைப் போல எதுவும் என்னை உடைக்கவில்லை. பெற்றவள் தன் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். என் எண் அவள் கண்ணைப் பொய்யாக்கிவிட்டது.

அங்கேயே நின்று இளம் டாக்டருக்குப் போன் செய்தேன். இரண்டு தலையணை, மாடிப்படி, திடல் எல்லாம் சொன்னேன். அவர் குரல் மாறியது. "நாளைக்கு வேண்டாம். இப்போதே கொண்டுவாருங்கள்," என்றார். மதியம் அவர் கேட்டாரே, தொந்தரவு ஏதாவது இருக்கிறதா என்று, அதற்குப் பதில் இவ்வளவு நாளும் ஜெயாவிடம்தான் இருந்திருக்கிறது. நாங்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவிடாமல் நானே எண்ணைச் சொல்லி அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

மூன்று மாடி ஏறிப் போனோம். யாழினி அத்தையின் வீட்டில் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரிமேல் மஞ்சள் துணி கட்டிய சின்னப் பித்தளைக் குடம் தயாராக இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஆண்ட்டி, மீன் பாக்க வந்தீங்களா?" என்றாள். ஜெயா அவளைத் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை, அம்மா இடுப்பில் கால்கள் தொங்கின.

"அம்மா, பால்குடம்?"

"அம்மா எடுக்குறேன்டா."

"சாமி கோச்சுக்காதா?"

"நான் சொல்லிக்கிறேன் சாமிகிட்ட. நீ பேசாத, மூச்சு வாங்கும்."

நான் ஜெயாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். அன்றைக்கே அவளை வார்டில் சேர்த்து மருந்து ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், மூன்று தலையணையில் சாய்ந்தபடி. ஜெயா கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த வருடம் யாரும் பால்குடம் எடுக்கவில்லை.

சரவாக்கிலிருந்து டாக்டர் திரும்பி வந்ததும் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்திருந்தேன். போனால் போகட்டும் என்றுகூட இருந்தது. அவர் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டேன். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் அளக்கவே வேண்டியதில்லை. ஒன்று இறுக்கிப் பிழிகிற கை, மற்றது ஓய்ந்துபோன கை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதல் படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் குறைந்தது கொஞ்சம்தான். கொஞ்சம் கொஞ்சமாகவே அவ்வளவும் போய்விட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ ஐந்து முறை எழுதினாய். நான் ஐந்து முறை படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். உன் எண் என்றால் நான் படத்தைப் பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை."

திட்டியிருக்கலாம். அந்த நம்பிக்கை என்கிற சொல்லை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து நடந்ததை எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். அதன்பிறகுதான், அளந்து முடிக்கும்வரை பழைய எண்ணைத் திறக்கக்கூடாது, முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்ற இரண்டு பழக்கமும் எங்கள் அறையில் வந்தது. நீங்கள் அலுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். நேரம் ஆகிறதாமே. ஆகட்டும்.

கூட வேலை செய்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். யானை சறுக்கினால் அடிபடுவது யானைக்குத்தான். நான் சறுக்கியதில் அடி வாங்கியது இன்னொருத்தி பெற்ற பிள்ளை.

இதையெல்லாம் படித்துவிட்டு, நோயாளியின் அம்மாவைத் தேடிப் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் ஒழுங்காக அளந்திருந்தால் நான் ஓடியிருக்கவே வேண்டாம். பிள்ளைகள்மேல் பிரியம் வைக்காதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. பிரியம் வந்துவிட்டால், அந்தப் பிள்ளையைப் பக்கத்திலிருப்பவரையும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிற வைத்தியம்.

யாழினி தேறினாள். முழுதாக இல்லை. தளர்ந்த தசை பழையபடி ஆகாது, மருந்து அதை இன்னும் தளரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சீக்கிரமே பிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று ஒரு நாள் டாக்டரிடம் கேட்டேன். இருந்திருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லாதவர். அடுத்த தைப்பூசத்தில் ஜெயா தனியாகப் பால்குடம் எடுத்தாள். யாழினி தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாளாம்.

ஜெயா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் நடையில் நின்று எண் கேட்பதை நிறுத்திவிட்டாள். படம் முடிந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றோம்க்கா," என்று போய்விடுவாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையில்லை.

நான் ஓய்வு பெற்ற வாரம் யாழினி வந்தாள். பன்னிரண்டு வயது, பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவள் அதைக் காலால் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி ஒரே தாவாகக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். படுக்கச் சொல்லி, நெஞ்சில் பசையைத் தடவினேன். பழைய ரிப்போர்ட் மூடியே இருந்தது. மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஐம்பத்து மூன்று.

ஐம்பத்தைந்துக்கு இரண்டு எண்தான் குறை. விளிம்பில் ஓர் இடம் மங்கலாக இருந்தது. கோடு அங்கே நூலளவு உள்ளே போயிருந்தால் ஐம்பத்தைந்து ஆகியிருக்கும். கடைசி வாரம், பிள்ளை தாவி ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், யாரும் கேட்கப்போவதில்லை. என் கை அந்த இடத்துக்குப் போய் நின்றது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நடந்த பிறகும் போனது.

"ஆண்ட்டி, எத்தன?" என்று இந்த முறை யாழினியே கேட்டாள்.

"டாக்டர் சொல்லுவாருமா."

"நீங்க முன்னாடி அம்மாகிட்ட சொல்லுவீங்களாமே."

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். உங்கம்மா உன்ன அடிச்சது என்னாலதான்."

 "தெரியும் ஆண்ட்டி. அம்மா சொல்லிட்டாங்க," என்றாள். பசையைத் துடைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, கதவருகே நின்று கை காட்டிவிட்டுப் போனாள்.

மங்கலான அந்த இடத்திலிருந்து நான் கையை எடுத்துக்கொண்டேன். ஐம்பத்து மூன்று என்று எழுதினேன்.